அணையும் கணிப்பொறியும் அவசரத் தீர்ப்பும்

நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கணிப்பொறியில் புதிய உறுப்பு ஒன்றைப் பொருத்துகிறோம். பெரும்பாலும் அது கிராபிக்ஸ் கார்டாக இருக்கும். பொருத்திய அன்று எல்லாம் சரியாகவே தோன்றும். எழுத்து வேலை நடக்கும்; திரைப்படம் ஓடும். கடினமான வேலை ஒன்றைக் கொடுத்தவுடன், எச்சரிக்கை ஏதுமின்றி, விளக்கை அணைத்தாற்போல் கணிப்பொறி அணைந்துவிடும்.

உடனே தீர்ப்புகள் வரத் தொடங்கும். "கார்டு சரியில்லை" என்பார் ஒருவர். "மதர்போர்டு போய்விட்டது" என்பார் மற்றொருவர். "பெரிய பவர் சப்ளையாக வாங்கிப் போடு" என்பார் மூன்றாமவர். மூவருள் ஒருவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மூவருமே அளந்து பார்க்கவில்லை. பல மாதம் சேமித்த பணத்தில் கார்டு வாங்கிய மாணவர், இந்த மூன்று தீர்ப்புகளுக்காகவும் அடுத்தடுத்துப் பணம் செலவழிக்க நேரிடுகிறது.

இத்தகைய நிலையில் நமக்கு வழிகாட்ட வேண்டியவை மூன்று எழுத்துச் சான்றுகள். ஒன்று, கார்டு வந்த பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண். இரண்டு, பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியின்மேல் ஒட்டிய லேபிள். மூன்று, கணிப்பொறி மறுபடி உயிர்பெற்றதும் விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. இவை எந்த அளவுக்கு உண்மையைச் சொல்கின்றன, எங்கே வாய் மூடிக்கொள்கின்றன என்பதை இங்கு ஆராய்வோம்.

பெட்டியின்மேல் உள்ள எண்

எல்லாருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். என்விடியா நிறுவனம் 2020 செப்டம்பரில் ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற கார்டை வெளியிட்டது. அதன் மின்திறன் 320 வாட் என்றும், கணிப்பொறிக்கு 750 வாட் மின்வழங்கி வேண்டும் என்றும் நிறுவனம் அறிவித்தது.

கணக்குப் போடத் தெரிந்த மாணவர் என்ன செய்வார்? கார்டுக்கு 320 வாட். பிராசசருக்கு 125 வாட் என்று வைப்போம். விசிறி, வட்டு, மற்றவற்றுக்கு 60 வாட். ஆக மொத்தம் 505 வாட். வீட்டில் இருப்பதோ 650 வாட் மின்வழங்கி. இன்னும் 145 வாட் மிச்சம் இருக்கிறதே, எதற்கு 750? நிறுவனம் விற்பனைக்காகக் கூட்டிச் சொல்கிறது என்று அவர் முடிவு செய்வார். கணிப்பொறி அணையும்போது, மின்வழங்கியின்மேல் அவருக்கு ஐயமே எழாது. கார்டைத்தான் குறை சொல்வார்.

அவருடைய கூட்டலில் பிழையில்லை. ஆனால் அவர் கூட்டியவை சராசரிகள். ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டுவிட்டு இறங்குபவனுக்கு நேர்வதே இங்கும் நேர்கிறது.

கிராபிக்ஸ் கார்டிலுள்ள சில்லு சீராக மின்னோட்டத்தை உறிஞ்சுவதில்லை. ஒரு காட்சியை வரைந்து முடிக்கும்போது அதன் தேவை தாழ்கிறது. அடுத்த காட்சி தொடங்கும்போது சட்டென்று எழுகிறது. இந்த ஏற்ற இறக்கங்கள் மைக்ரோவினாடிகளில் நடந்து முடிகின்றன. 320 வாட் கார்டு, 100 மைக்ரோவினாடி நேரம் மட்டும் இரு மடங்கு, அதாவது 640 வாட் கேட்கிறது என்று கொள்வோம். அந்தக் கணத்தில் அது கூடுதலாக எடுத்த ஆற்றல் 320 வாட் பெருக்கல் 0.0001 வினாடி, அதாவது 0.032 ஜூல். ஒரு வினாடியில் அது எடுக்கும் 320 ஜூலோடு ஒப்பிட்டால் இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வினாடிக்குச் சில முறை மட்டுமே அளவு காட்டும் சாதாரண மீட்டருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் மின்வழங்கிக்கு இது தெரியும். 12 வோல்ட்டில் 320 வாட் என்றால் சுமார் 27 ஆம்பியர். 640 வாட் என்றால் சுமார் 53 ஆம்பியர். மற்ற உறுப்புகளின் 185 வாட்டையும் சேர்த்தால், அந்தக் கணத்தில் 650 வாட் மின்வழங்கியிடம் 825 வாட் கேட்கப்படுகிறது. மின்வழங்கிக்குள் மிகை மின்னோட்டப் பாதுகாப்பு ஒன்று உண்டு. எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டு நெருப்புப் பிடிப்பதைத் தடுப்பது அதன் வேலை. சில மின்வழங்கிகளில் அது இந்தக் கண நேரத் துள்ளலையே ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. கார்டு பழுதில்லை, மின்வழங்கியும் பழுதில்லை. இரண்டும் தத்தம் கடமையைச் செய்தன. கணிப்பொறி மட்டும் அணைந்தது.

ஆகவே 750 என்ற எண் பாதுகாப்பான அறிவுரைதான். ஆனால் காரணம் சொல்லாத அறிவுரை. காரணம் தெரியாத வாசகர் அதை அலட்சியம் செய்வதில் வியப்பில்லை. சராசரி இவ்வளவு, கணநேர உச்சம் இவ்வளவு என்று இரண்டு எண்களை அச்சிட்டிருந்தால், மேற்கண்ட மாணவர் தம் கூட்டலைத் தாமே திருத்திக்கொண்டிருப்பார்.

மின்வழங்கியின் லேபிள்

இரண்டாவது சான்று மின்வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள லேபிள். மூன்று சான்றுகளில் மிகுந்த உண்மை உடையது இதுவே. ஆனால் அந்த உண்மை சிறிய எழுத்தில் இருக்கிறது.

பெரிய எழுத்தில் இருப்பது மொத்த வாட். அதற்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியே எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே பெறுகின்றன. எனவே நாம் பார்க்க வேண்டியது 12 வோல்ட் வரியைத்தான். ஒரு பழைய மின்வழங்கியில் 450 வாட் என்று பெரிதாக எழுதி, 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட் மட்டுமே நமக்குப் பயன்படும். மீதி, நாம் அதிகம் கேட்காத மற்ற இரண்டு வரிகளில் கிடக்கிறது.

லேபிளில் 80 பிளஸ் என்ற முத்திரையையும் காணலாம். 2004-ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டம் மின்வழங்கியின் பயனுறுதிறனுக்குச் சான்றளிப்பது. வெளியே 400 வாட் தரும் மின்வழங்கியின் பயனுறுதிறன் 80 விழுக்காடு என்றால், சுவரிலிருந்து அது 500 வாட் எடுக்கிறது. 100 வாட் வெப்பமாகிறது. சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 500 வாட் மின்வழங்கி 400 வாட்தான் தரும் என்கின்றனர். அது தவறு. லேபிளின் வாட் என்பது வெளியே தரும் திறன். திடீர்ச் சுமையைத் தாங்குமா என்ற கேள்விக்கு இந்த முத்திரை விடை சொல்வதில்லை.

லேபிள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அது கம்பியைப் பற்றியது. கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டின் துளைவரிசை வழியே 75 வாட் வரை பெறலாம். ஆறு முனை இணைப்பு 75 வாட்டுக்கும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. கார்டில் இரண்டு எட்டு முனை இணைப்புகள் இருந்தால், மின்வழங்கியிலிருந்து இரண்டு தனித்தனிக் கம்பிகளைக் கொண்டுவருவதே முறை. ஆனால் ஒரே கம்பியின் நுனியில் இரண்டு இணைப்புகள் வைத்தும் தருகிறார்கள். அதை மாட்டினால் மின்னோட்டம் முழுவதும் ஒரே கம்பி வழியாகப் போகும்.

இங்கே ஓம் விதியை நினைவுகொள்ளுங்கள். கம்பியும் இணைப்பும் சேர்ந்து 0.02 ஓம் மின்தடை உடையவை என்று கொள்வோம். 20 ஆம்பியர் பாயும்போது 0.4 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. 12 வோல்ட் 11.6 ஆகிவிடுகிறது. பழைய மின்வழங்கிகளுக்கான தரவிதிப்படி 12 வோல்ட் என்பது 5 விழுக்காடு மட்டுமே கூடவோ குறையவோ செய்யலாம், கீழெல்லை 11.4 வோல்ட். எல்லைக்கு இன்னும் 0.2 வோல்ட்டே உள்ளது. மின்னோட்டம் கண நேரம் இரட்டித்தால் இழப்பு 0.8 வோல்ட், எல்லை கடந்துவிடும். இதற்குத் தீர்வு இரண்டாவது கம்பி ஒன்றை மாட்டுவதுதான். மின்வழங்கியுடன் வந்த பெட்டியில் அது பெரும்பாலும் கிடக்கும். செலவு ஒன்றுமில்லை.

விண்டோஸ் எழுதும் குறிப்பு

மூன்றாவது சான்று, விண்டோஸின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் காணப்படும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பு. கணிப்பொறி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்றும், அது செயலற்று நின்றிருக்கலாம், நிலைகுலைந்திருக்கலாம், அல்லது மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம் என்றும் அது கூறும்.

பலர் இதில் "பவர்" என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, மின்வழங்கி பழுது என்று தீர்ப்பு எழுதுகின்றனர். குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. இது விபத்து நடந்தபோது எழுதப்பட்டதன்று. மறுபடி கண்விழித்தபின், "நான் முறையாகத் தூங்கப் போகவில்லையே" என்று கணிப்பொறி எழுதுவது. மூன்று வாய்ப்புகளையும் சொல்லி எதையும் அது தீர்மானிக்காமல் விடுவது அதன் நேர்மை.

எனினும் இதனுள் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. குறிப்பின் விவரப் பகுதியில் பக்செக்கோடு என்ற ஓர் எண் இருக்கும். அது சுழியாக இல்லாவிட்டால், மென்பொருளோ நினைவகமோ ஏதோ பிழை செய்ததை விண்டோஸ் கண்டு, பதிவு செய்துள்ளது என்று பொருள். அது சுழியாக இருந்தால், பிழையைப் பதிவு செய்யவும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் சட்டென்று போனதோ, முற்றிலும் உறைந்து நின்றதோ காரணமாக இருக்கலாம். தேடும் திசையை இந்த ஓர் எண் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இவ்வளவு பயனுள்ள எண்ணை ஏன் விவரப் பகுதிக்குள் ஒளித்துவைக்க வேண்டும், ஏன் ஒரே வரியில் விளக்கக்கூடாது என்பதே இக்குறிப்பின்மேல் நாம் வைக்கும் குறை.

சுவருக்கும் பெட்டிக்கும் இடையே

மூன்று சான்றுகளுமே பேசாத ஒரு கருவி நம் வீடுகளில் உண்டு. அதுதான் யு.பி.எஸ். எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர், புதிய கார்டு போட்டபின் கணிப்பொறி அணைகிறது என்று கடைக்கு எடுத்துச் சென்றார். மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். அணைவது நிற்கவில்லை. வீட்டில் கணிப்பொறியை நேரே சுவரில் மாட்டிப் பார்த்தபோது நின்றுவிட்டது. கடையில் ஓடும்போது குறை ஏன் தெரியவில்லை என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. கடையில் அவருடைய யு.பி.எஸ். இல்லை!

600 வி.ஏ. என்று குறித்த யு.பி.எஸ். 600 வாட் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டுக்கு வாங்கும் பல யு.பி.எஸ்.களில் திறன் காரணி 0.6 மட்டுமே. எனவே கிடைப்பது 360 வாட். பழைய கார்டுக்கு இது போதியது. புதிய கார்டுக்குப் போதாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மின்சாரம் போகும்போது, யு.பி.எஸ். மின்கலத்துக்கு மாறச் சில மில்லிவினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கணிப்பொறியை ஓட்டுவது மின்வழங்கிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி. அது 330 மைக்ரோஃபாரடு என்றும், 380 வோல்ட்டிலிருந்து 300 வோல்ட் வரை இறங்கலாம் என்றும் கொள்வோம். பள்ளியில் படித்த வாய்பாட்டின்படி, மின்தேக்கம் பெருக்கல் மின்னழுத்த வர்க்கத்தில் பாதி என்று கணக்கிட்டால், அது தரும் ஆற்றல் சுமார் 9 ஜூல். இழப்புகளை ஒதுக்கிவிட்டால், 200 வாட் சுமையை 45 மில்லிவினாடியும், 400 வாட் சுமையை 22 மில்லிவினாடியும் அது தாங்கும். மின்தேக்கிக்கு வயதாகி, மின்தேக்கம் பாதியாகியிருந்தால் 11 மில்லிவினாடிதான். இதுவரை ஒவ்வொரு மின்வெட்டையும் தாண்டிய கணிப்பொறி, புதிய கார்டு வந்தபின் தாண்ட முடியாமல் போவது இதனால்தான். கார்டு பழுதன்று, கையிருப்பு குறைந்துவிட்டது.

2022-இல் வந்த திருத்தம்

நாம் மேலே சொன்ன குறையைப் பொறியியலார் உணராமலில்லை. மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் வடிவமைப்பு விதிகளை வெளியிடும் இன்டெல் நிறுவனம், 2022-இல் அவற்றின் 3.0 பதிப்பை வெளியிட்டது. 450 வாட்டுக்கு மேற்பட்ட, புதிய வகைக் கார்டு இணைப்பு உடைய மின்வழங்கிகள், தம் குறிப்புத் திறனைப்போல் 200 விழுக்காட்டை 100 மைக்ரோவினாடிக்கும், 180 விழுக்காட்டை 1 மில்லிவினாடிக்கும், 160 விழுக்காட்டை 10 மில்லிவினாடிக்கும், 120 விழுக்காட்டை 100 மில்லிவினாடிக்கும் தாங்க வேண்டும் என்று அது வகுத்தது.

இது பாராட்டத்தக்க திருத்தம். வாட் என்ற எண்ணுக்கு அருகில் நேரம் என்ற எண்ணையும் இது வைத்துவிட்டது. 825 வாட் கேட்ட அந்தக் கணத்தை இவ்விதிப்படி செய்த 650 வாட் மின்வழங்கி எளிதில் தாங்கும். ஆனால் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பழைய மின்வழங்கிகளை இவ்விதி மாற்றாது. மேலும், பொறியியலாருக்கான ஆவணத்தில் உள்ள இந்த அட்டவணை, வாங்குபவர் படிக்கும் பெட்டியில் இடம்பெறுவது அரிது. அவர் காண்பது "ஏடிஎக்ஸ் 3.0" என்ற பெயரை மட்டுமே.

செய்ய வேண்டிய சோதனைகள்

குறை நீக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரு பட்டியலாக இருக்கும். இதை மாற்று, அதை மாற்று, மென்பொருளைப் புதிதாக நிறுவு என்று அது போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து, அணைவது நின்றுவிட்டால், எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் இப்படிச் செய்தால் மதிப்பெண் கிடைக்குமா? ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்பதல்லவா முதல் பாடம்? பின்வரும் சோதனைகள் அம்முறையில் அமைந்தவை. புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லாதவை.

முதலாவது, நேரத்தைக் குறியுங்கள். சுமை கொடுத்த ஓரிரு வினாடிக்குள் அணைந்தால் மின்னோட்டத்தை ஐயுறுங்கள். பத்து இருபது நிமிடம் கழித்து அணைந்தால் வெப்பத்தை ஐயுறுங்கள். உலோகமும் காற்றும் சூடாக நேரம் வேண்டும், மின்னோட்டத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, அணைந்தபின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பொத்தான் பயன் தராமல், சுவரிலுள்ள சுவிட்சைச் சற்று நேரம் அணைத்துப் போட்டபின்தான் உயிர் வருகிறது என்றால், மின்வழங்கியின் பாதுகாப்பு தாழிட்டுக்கொண்டது என்பதற்கு அது வலுவான அறிகுறி.

மூன்றாவது, சுமையைப் பிரியுங்கள். பிராசசருக்கு மட்டும் வேலை கொடுங்கள், பிறகு கார்டுக்கு மட்டும், பிறகு இரண்டுக்கும். தனித்தனியே ஓடி, சேர்ந்தால் மட்டும் அணைந்தால், இரண்டுக்கும் பொதுவான மின்வழங்கியோ யு.பி.எஸ்.ஸோ உள்வெப்பமோதான் காரணமாக இருக்க முடியும்.

நான்காவது, கார்டின் மின்திறன் வரம்பை அதற்குரிய மென்பொருளில் 70 விழுக்காடாகக் குறையுங்கள். அணைவது நின்றால், உடனே மின்வழங்கி என்று முடிவு கட்டாதீர்கள். திறனைக் குறைத்தபோது வெப்பமும் குறைந்தது. இரண்டு மாறிகள் மாறிவிட்டன.

அவற்றைப் பிரிப்பது ஐந்தாவது சோதனை. வரம்பை மறுபடி முழுமையாக்குங்கள். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, மேசை விசிறியைக் காட்டுங்கள். இப்போது மின்னோட்டம் முன்போலவே. வெப்பம் மட்டும் குறைவு. அணைவது நின்றால் வெப்பம், நிற்காவிட்டால் மின்னோட்டம்.

ஆறாவது, பழைய கார்டை மறுபடி போடுங்கள். அதிலும் அணைந்தால், குற்றவாளி புதிய கார்டு அன்று. அதைப் பொருத்தும்போது நாம் கலைத்த வேறொன்று. பிராசசரின் வெப்பம் நீக்கி நகர்ந்திருக்கலாம். பிராசசருக்கான மின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். கழன்று விழுந்த திருகு ஒன்று மதர்போர்டின் அடியில் கிடந்து குறுக்குச்சுற்று செய்யலாம். புதிதாகப் பொருத்தியது நினைவகமாக இருந்தால், ஓர் இரவு முழுவதும் நினைவகச் சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். நினைவகப் பிழை பெரும்பாலும் நீலத்திரையாகவோ மறுதொடக்கமாகவோ வெளிப்படுமேயன்றி, விளக்கை அணைத்தாற்போல் அணைவது குறைவு.

ஓர் எச்சரிக்கை. பெட்டியைத் திறக்குமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். மின்வழங்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். நாம் கணக்கிட்ட அந்த மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும்.

இச்சோதனைகளின் விடைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அணைந்த நேரம், கொடுத்த சுமை, மாற்றியது எது, பக்செக்கோடு எவ்வளவு என்று நான்கு பத்திகள் போதும். பத்து வரி நிரம்புமுன் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். அதன்பின் எதையேனும் வாங்கத்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள்; கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். "மதர்போர்டு போய்விட்டது" என்று யாரேனும் சொன்னால், தாளைக் காட்டி, எந்த வரியிலிருந்து அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். விடை தெரிந்தவர் மகிழ்ந்து விளக்குவார். அவரிடமே பழுது பார்க்கக் கொடுங்கள்.